ஆறு மணி நேரக் கட்டு

வேறு யாராக இருக்க முடியும், அவள்தான், கழுகுதான், என் கண்ணைப் பற்றி மேனேஜரிடம் போய் வத்தி வைக்க அந்தக் கட்டடத்தில் அவளை விட்டால் யாருக்கு நேரம் இருக்கிறது, என்று நினைத்துக்கொண்டே காரிலிருந்து இறங்கியதில் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காலைக் காற்றில் வைத்துவிட்டேன், என் வீட்டுக்காரர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பார்த்து, பார்த்து என்றார், எதை வைத்துப் பார்ப்பது, இடது கண்ணின் மேல் பஞ்சு, பஞ்சின் மேல் வலைத்துணி, அதன் மேல் நெற்றியிலிருந்து கன்னம் வரை மூன்று பட்டை பிளாஸ்திரி, ஒற்றைக் கண்ணுக்கு உலகம் தட்டையாகிவிடுகிறது, படியும் தரையும் ஒரே தாளில் போட்ட கோடுகள் மாதிரி... பதினொரு மணிக்குக் கட்டியது, ஆறு மணி நேரம் அவிழ்க்கக் கூடாது, ஐந்து மணிக்கு அவிழ்த்து, கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும், துடைத்த பஞ்சை மறுபடி கண்ணில் வைக்கக் கூடாது, கீழ் இமையை இழுத்து உள்ளே ஒரு அரிசி அளவு களிம்பு, கசக்கக் கூடாது, குனிந்து கனம் தூக்கக் கூடாது, மை கூடாது, சிவப்பாகக் கொஞ்சம் கண்ணீர் வந்தால் பயப்படக் கூடாது, நிறைய வந்தால் பயப்பட வேண்டும். இதையெல்லாம் நர்ஸ் அவரிடம்தான் சொன்னாள், கண் என்னுடையது, காது அவருடையது என்பது போல. பழிவாங்கக் கூடாது என்று மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை, நான் கவனமாகக் கேட்டேன்.

இரண்டு தலையணை வைத்து என்னைச் சாய்த்துப் படுக்க வைத்தார், தலை உயரமாக இருந்தால் வீக்கம் குறையுமாம், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், மேசை மேல் தண்ணீர், வலி மாத்திரை, பஞ்சுப் பொட்டலம், களிம்புக் குழாய் எல்லாவற்றையும் ஒன்றின் தோளில் ஒன்று இடிக்காமல் அடுக்கினார், பத்தொன்பது வருடமாக எங்கள் மருந்துத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி அடுக்கிய கை. கொஞ்ச நேரம் கண்ணை மூடு என்றார், அப்புறம் தான் சொன்னதற்குத் தானே சிரித்தார், நான் சிரிக்கவில்லை, சிரித்தால் கன்னம் இழுக்கிறது. கத்தி என்றுதான் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன், கத்தி என்று பெரிதாக எதுவுமில்லை, முதலில் இமையில் ஊசி, அதுதான் கொடுமை, தேள் கொட்டினால் அப்படித்தான் இருக்கும், பிறகு வளையம் வைத்த இடுக்கி ஒன்றால் இமையைப் பிடித்து, சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவது போலத் திருப்பிப் போட்டார் டாக்டர், இமைக்குள் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறதாம், அதன் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளேயே தேங்கித் தேங்கி இப்படிக் கட்டியாகி உட்கார்ந்துவிடுமாம், உள்பக்கத்திலேயே கீறி வழித்து எடுத்துவிடலாம், தையல் கூட வேண்டாம், ஐந்து நிமிஷம்... வலி இல்லை, ஆனால் வழிக்கிற சத்தம் கேட்டது, கண்ணுக்குள் ஒரு சத்தம், அதை எந்தக் காது கேட்டது என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. உடம்பை இறுக்காதீங்கம்மா, பிடிச்சவங்க யாரையாவது நெனச்சுக்கங்க என்றார் டாக்டர். நான் கழுகை நினைத்துக்கொண்டேன். அந்த ஐந்து நிமிஷமும் அவள் முகத்தை விடவில்லை, கை தானாகத் தளர்ந்தது, அவ்வளவுதாம்மா, நல்லா ஒத்துழைச்சீங்க என்றார்.

வன்மம் ஒரு நல்ல மயக்க மருந்து. இதை யாரும் பாட்டிலில் அடைத்து விற்கவில்லை, விற்றிருந்தால் அதையும் நானேதான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருப்பேன். அதுதானே என் வேலை, பதினாறு வருடமாக அது ஒன்றுதானே, ஊசி மருந்துக் குப்பியைக் கழுத்தில் பிடித்துத் தலைகீழாக மெதுவாகச் சாய்த்து, குமிழி வராமல் ஒரு சுற்று சுற்றி, வெள்ளைப் பலகைக்கு முன்னால் ஐந்து எண்ணிக்கை, கறுப்புப் பலகைக்கு முன்னால் ஐந்து எண்ணிக்கை, வெள்ளையில் நாரும் தூசியும் தெரியும், கறுப்பில் கண்ணாடித் துகள் மின்னும், மின்னினால் சிவப்புத் தட்டு, மின்னாவிட்டால் பச்சைத் தட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் கண்ணுக்கு ஓய்வு, பிறகு மறுபடி. என்னை அங்கே லென்ஸ் என்பார்கள், அவளைக் கழுகு என்பார்கள், இரண்டு பேரும் ஒரே நாள் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து மேசை, எங்கள் இரண்டு பேரையும் தாண்டி ஒரு துகள் வெளியே போகாது என்று மேனேஜர் ஆய்வுக்கு வருகிறவர்களிடம் கை காட்டிச் சொல்வார். மதியத்தில் ஒரே மேசையில் சாப்பிடுவோம். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, சாப்பிடும்போது கூடத் தண்ணீர்க் குவளையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள், நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எப்படிச் சிரித்தேன்? இப்படிப்பட்டவள் நம் கண்ணையும் ஒருநாள் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மிளகு அளவு, பிறகு ஒரு பட்டாணி, நான் கூந்தலை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன், கண்ணாடியைச் சற்றுத் தடித்த சட்டமாக மாற்றிக்கொண்டேன், கேட்டவர்களிடம் சூட்டுக் கட்டி, தானே உடையும் என்றேன். அது உடையவில்லை, விழியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்து நிழலாக நின்றது, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை, நினைக்கத்தான் செய்கிறேன்... சரி, மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் வலது கண் இருந்ததே, ஒரு கண்ணை வைத்துக்கொண்டே மற்றவர்கள் இரண்டு கண்ணால் பார்ப்பதைவிட நன்றாகப் பார்ப்பேன் என்று நம்பினேன், மேற்பார்வையாளர் பதவிக்கு என் பெயரில் கடிதம் அடித்தாகிவிட்டது, இன்னும் மூன்று வாரம், மூன்றே வாரம் தாக்குப்பிடித்தால் பிறகு மேசையில் உட்கார்ந்து குப்பி பார்க்க வேண்டியதே இல்லை, விடுப்பு எடுத்துக் கட்டியை எடுத்துக்கொள்ளலாம். அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே விஷயம் வேறு. உங்க கண்ணைப் பத்தி ஒருத்தர் சொன்னாங்க, யாருன்னு நான் சொல்லக் கூடாது என்றார். அன்றே கண் சோதனை, இடது கண் தேறவில்லை, நான் பார்த்து அனுப்பியதில் கிடங்கில் மீதியிருந்த ஒரு வாரத்துத் தட்டுகளை மறுபடி பார்க்கச் சொன்னார்கள், ஏழு குப்பி. ஏழில் ஒன்றில் கண்ணாடிச் சில்லு. கிடங்கை விட்டுப் போகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதற்கு முந்தின வாரங்கள்... அது இப்போது வேண்டாம், கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னை லேபிள் அறைக்கு மாற்றினார்கள், அங்கே சுருள் சுருளாக லேபிளைப் பிரித்து அடுக்க வேண்டும், கண்ணில்லாதவர்களும் செய்யலாம். மேற்பார்வையாளர் நாற்காலியில் கழுகு உட்கார்ந்தாள். முதல் நாளே லேபிள் அறை வாசலில் வந்து நின்று, அக்கா, நான் கேட்டு வாங்கலக்கா என்றாள். கேட்காமல் எது கிடைக்கிறது இந்த உலகத்தில்? நான் லேபிளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று, ஆறு வாரமாக அந்தச் செருப்புச் சத்தத்தைத்தான் நான் மென்றுகொண்டிருக்கிறேன்.

அதனால்தான் இன்று காலை செய்தேன். ஆஸ்பத்திரி ஹாலில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, கண் மரக்க ஒரு சொட்டு மருந்து கூட இன்னும் விடவில்லை, மருந்து மயக்கத்தில் செய்துவிட்டேன் என்று நாளைக்கு நான் சாக்குச் சொல்ல முடியாது, கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு மேனேஜருக்கு அடித்தேன், இரண்டே வரி. இரண்டு வருடம் முன்னால் நடந்த அரையாண்டுக் கண் சோதனையில் இப்போதைய மேற்பார்வையாளர் பழுதான குப்பிகளின் எண்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தேறினார், வேண்டுமானால் அவரையே கேட்டுப் பாருங்கள். பொய் இல்லை, ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, அதுதான் அதன் அழகு. அனுப்பியதும் உள்ளே ஏதோ இளகியது, பார்த்துவிட்டார் என்பதற்கான அடையாளம் விழுந்ததும் இன்னும் இளகியது, நர்ஸ் என்னைக் கூப்பிட்டபோது நான் ஏறக்குறைய குதித்துக்கொண்டு போனேன். அந்த எண்களை அவளுக்குச் சொன்னது யார் என்று நான் எழுதவில்லை. அதை எழுத வேண்டியதில்லை, அது எனக்குத் தெரியும். அந்த வாரம் சோதனைத் தட்டை அடுக்கும் முறை என்னுடையது, யார் முறை என்று எழுதி வைக்கும் வழக்கம் அங்கே இல்லை, இருநூறு குப்பியில் பதினொன்று பழுது, எந்தெந்த எண் என்பது மேனேஜரின் பூட்டிய அலமாரியிலும் என் தலையிலும் மட்டும்தான். அவளுடைய அப்பா போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. கண் இரண்டும் குளவி கொட்டியது மாதிரி வீங்கியிருந்தது, அழுது அழுது இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது, தேறாவிட்டால் ஆறு மாதம் மேசையில் உட்கார முடியாது. கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் பதினொரு எண்களையும் நான்தான் அவள் காதில் சொன்னேன், அவள் கேட்கவில்லை, நானேதான், இரண்டு முறை சொன்னேன், அவள் உதட்டை மட்டும் அசைத்துத் திரும்பச் சொன்னாள். அதற்கு நன்றியாக என்ன செய்தாள்? என் கண் வீங்கியபோது காட்டிக்கொடுத்தாள். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கட்டும், அவ்வளவுதான், இதில் என்ன தப்பு?

மரத்துப்போனது விடுகிறது... முதலில் புருவத்தில் எறும்பு, பிறகு இமைக்குள் மணல், யாரோ ஒரு பிடி மணலை வைத்து மெதுவாகத் தேய்ப்பது போல, கை தானாக மேலே போகிறது, போய்ப் பிளாஸ்திரியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது, கசக்கக் கூடாது, கசக்கக் கூடாது, நான் நினைத்த நேரத்துக்குச் சரியாக அவர் மாத்திரையோடு வந்தார், தலைக்குக் கீழே கை கொடுத்து நிமிர்த்தினார், தண்ணீர் ஒரு சொட்டு கழுத்தில் வழிந்ததைத் தன் கைக்குட்டையால் ஒற்றினார். நல்ல மனிதர். இருபத்தொரு வருடத்தில் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, ஊரில் எல்லாரும் சொல்வார்கள், உன் வீட்டுக்காரர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று, இன்று அது கண்ணுக்கு வெளியே நடக்கிறது. மணி மூன்றரை இருக்கும், சமையலறையில் அவருடைய போன் அடித்தது, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. ம் என்றார், ம் என்றார், இல்லம்மா, அவ தூங்கறா என்றார், பிறகு குரலை இறக்கி, நீ அழாதே என்றார். அழாதே... அவர் அம்மா என்று கூப்பிடுவது பேக்கிங்கில் வேலை செய்யும் பெண்களை, எங்கள் பிரிவில் கழுகை. அவள்தான். அழுகிறாள். அதற்குள்ளாகவா, காலையில் விதைத்தது மத்தியானத்துக்குள்ளாகவா, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினேன், இதைத்தானே ஆறு வாரமாக ஆசைப்பட்டேன், அவள் அழுவதை என் காதால் கேட்க வேண்டும் என்று, போனுக்கு உள்ளே இருப்பதால் கேட்கவில்லை, அவர் ம் போடும் இடைவெளியை வைத்து அளவிட்டுக்கொண்டேன். தித்திப்பாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்றால், மாத்திரையின் கசப்பு நாக்கில் போகும் வரை. அப்புறம் ஒரு சின்ன சந்தேகம் மூக்கை நீட்டியது, அழுகிறவள் எனக்கு ஏன் போன் செய்யவில்லை, என்னைத் திட்ட ஏன் கூப்பிடவில்லை, ஏன் இவரை, இவருக்கும் அவளுக்கும் என்ன... சீ, அந்தப் பக்கம் போகாதே, கண்ணைக் கட்டினால் மனசு கண்ட இடத்தில் முட்டிக்கொள்கிறது. போனை வைத்த பிறகும் அவர் உடனே வரவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து, கொதித்து, அணைக்கிற சத்தமே கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு வந்தார், இரண்டு கையையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார், எங்கள் தொழிற்சாலையில் உள்ளே நுழையும் முன் கழுவுவது போல, விரல் இடுக்கெல்லாம். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, திரையைத் தள்ளி, பிளாஸ்திரியை வெதுவெதுப்பான பஞ்சால் நனைத்து நனைத்து ஓரத்திலிருந்து உரித்தார், புருவமயிர் நாலு கூட வந்தது, ஸ் என்றேன், ஆச்சு ஆச்சு என்றார். கட்டு கையோடு வந்தது, அதில் காசளவு பழுப்புக் கறை, காட்ட வேண்டாம் என்று மடித்தார், நான் காட்டச் சொன்னேன், என் கழிவையும் நான் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இமைமயிர் எல்லாம் பசை போட்டது மாதிரி ஒட்டிக்கிடந்தது, அவர் மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக இழுத்தார், பஞ்சைப் போட்டார், வேறு பஞ்சு எடுத்தார், மறுபடி இழுத்தார், நர்ஸ் சொன்னதில் ஒரு எழுத்து பிசகவில்லை. மூன்றாவது பஞ்சில், கண்ணை இன்னும் நான் திறக்கவில்லை, அந்தப் பொண்ணு போன் பண்ணினா என்றார்.

தெரியும் என்றேன். நாளையிலிருந்து அவள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், விசாரணை முடிகிற வரைக்கும், பழைய சோதனை ஒன்றைப் பற்றி மேனேஜர் கேட்டாராம், அவள் மறைக்காமல் ஆமாம் என்றாளாம். எண்களை யார் கொடுத்தது என்று மூன்று முறை கேட்டார்களாம். ஞாபகம் இல்லை என்றே சொன்னாளாம். என் முதுகில் ஒரு நனைந்த துணியைப் போட்டது மாதிரி இருந்தது. இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றா என்று கேட்டேன்.

"உன்கிட்ட சொல்லச் சொன்னா. அக்கா ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்காங்க, வேற யாராவது சொல்லிக் கேட்டா பயந்துடுவாங்க, அவங்க பேர் வெளிய வராதுன்னு சொல்லிடுங்கன்னா."

அவர் புதுப் பஞ்சை நனைத்தார், பிழிந்தார், அதைப் பிழிந்துகொண்டே நின்றார். காலையில் ஹாலில் நீ டைப் பண்றப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன் என்றார், எழுத்தைப் பெரிசாக்கி வெச்சிருந்தே, படிச்சேன், அப்பவே சொல்லியிருக்கணும், வாய் வரலை. இடது கையால் என் கீழ் இமையைத் தொட்டு மெல்ல இழுத்தார், களிம்பு போடுவதற்காக இழுத்தார் என்றுதான் நினைத்தேன், ஆனால் வலது கையில் குழாய் இல்லை, பஞ்சுதான் இருந்தது.

"மேனேஜர்கிட்ட உன் கண்ணைப் பத்திச் சொன்னது அவ இல்ல. நான்தான்."

இமையை ஒருவர் பிடித்திருக்கும்போது கண்ணை மூட முடியாது, இதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன், முகத்தைத் திருப்பவும் முடியாது, விழி மட்டும் உருளும், அது உருண்டு போய் அவர் முகத்தில் நின்றது, ஆறு மணி நேரம் கழித்து இடது கண் முதலில் பார்த்தது அவருடைய தாடையை, சவரம் செய்யாமல், அதற்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம். கையை எடுங்க என்றேன். எடுத்தார். ஏன் என்றேன். அந்த மருந்து குழந்தைங்களுக்குப் போடற மருந்து என்றார், நான் பெட்டி ஒட்டறப்பல்லாம் அது மேல இருக்கற படத்தைப் பாப்பேன், உன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், லீவு போட்டு டாக்டர்கிட்ட காட்டுன்னு, மூணு வாரம் போகட்டும்னே, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. இது நியாயம்தான். கண்ணாடிச் சில்லு ஒன்று ஒரு குழந்தையின் கைநரம்பில் போவதற்குப் பதில் உண்டா? ஆனால் என் மனசு நியாயத்தின் பக்கத்தில் நிற்கவில்லை, அது தாவிப் போய் வேறொரு நாளில் நின்றது, பதவிக் கடிதம் அடித்தாகிவிட்டது என்று நான் வீட்டில் சொன்ன நாள், பேக்கிங் பிரிவும் அந்தப் புதுப் பதவிக்குக் கீழேதான் வரும், இனிமே லீவுக்கு உன்கிட்டதான் கையெழுத்து வாங்கணும் போல என்று சொல்லிவிட்டு இவர் சிரித்தார், ஒரு சிரிப்புதான், குட்டியாக, அன்று இரண்டாம் முறை குழம்பு கேட்கவில்லை. அதைக் கேட்டேவிட்டேன். கையெழுத்துக்காகவா என்றேன், குழந்தைக்காகவா, கையெழுத்துக்காகவா.

உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவர் உடனே சொல்லவில்லை. பஞ்சிலிருந்து தண்ணீர் அவர் கால் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதையும் நெனச்சுப் பாத்தேன்," என்றார். "குழந்தைக்காகன்னுதான் போனேன். வெளிய வந்தப்ப மனசு லேசா இருந்துச்சு. எதுக்கு லேசா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

களிம்புக் குழாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். யாருடைய கையும் வேண்டாம், எனக்குக் கை இல்லையா, பதினாறு வருடம் நடுங்காமல் குப்பி பிடித்த கை இது. கண்ணாடியில் ஒரு முகம், இடது இமை நாவல் நிறத்தில் உப்பிக்கொண்டு, இமைக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் இல்லாமல், உள் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு வழிந்து, அடித்துப் போட்ட முகம், இவரை என்ன செய்யலாம், வீட்டை விட்டுப் போகச் சொல்லலாம், பேசாமல் இருக்கலாம், ஒரு வருடம், இரண்டு வருடம், என் அம்மா என் சித்தியோடு பதினான்கு வருடம் பேசாமல் இருந்தவள், அந்த ரத்தம்தான் எனக்கும், அவர் எப்படிக் கெஞ்சினாலும்... கீழ் இமையை இழுத்தேன், குழாயைக் கிட்டே கொண்டு வந்தேன், முனை பெரிதாகிப் பெரிதாகி வந்ததும் கண் தானாக மூடிக்கொண்டது, களிம்பு கன்னத்தில் விழுந்தது. துடைத்தேன். மறுபடி. இமைமயிரில் ஒட்டியது. மறுபடி. தன் கண்ணுக்குத் தன் கை வருவது கண்ணுக்கே பிடிக்கவில்லை. கழுகின் நம்பரை எடுத்தேன், நான்தான் என்று அடித்தேன், நான்தான் மேனேஜருக்கு அனுப்பினேன் என்று முடிக்க வேண்டும், திரை முழுக்கக் களிம்பு விரலின் பிசுக்கு, எழுத்தெல்லாம் மீன் மாதிரி நழுவியது, நான்தான் என்பதோடு நின்றது. நான்தான் என்ன? இதே வார்த்தையை ஐந்து நிமிஷம் முன்னால் அவர் முழுசாகச் சொல்லி முடித்தார், அவருக்கு வாய் வந்தது, எனக்கு விரல் வரவில்லை. போனைப் பையில் போட்டேன், அழித்தேனா, அனுப்பினேனா, இரண்டும் இல்லை.

கதவுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார் போலிருக்கிறது, நேரமாகுது, மருந்து போடணுமே என்றார், கதவுக்குச் சொல்வது போல. திறந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது, கண் காத்திருக்காது. அவர் மறுபடி கையைக் கழுவிக்கொண்டு வந்தார், நான் தலையைப் பின்னால் சாய்த்தேன், மேல பாரு என்றார், பார்த்தேன், அவர் இமையை இழுத்தார், சில்லென்று ஒரு கோடு உள்ளே இறங்கியது, கூரை, விளக்கு, அவர் முகம் எல்லாம் எண்ணெயில் நனைந்த காகிதம் ஆகிவிட்டன, மூடிக்கோ என்றார், மூடிக்கொண்டேன். அப்போதுதான் மேனேஜர் அன்று சொன்ன இன்னொரு வார்த்தை ஞாபகம் வந்தது, இத்தனை நாளும் அது எங்கே போயிருந்தது, உட்காரச் சொல்லிவிட்டு, யாரென்று சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார், வீட்ல டிவி பாக்கறப்ப இடது கண்ணைக் கையால மூடிக்கிட்டுத்தான் பாக்கறீங்களாமே. வீட்டில். கழுகு எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் அதைக் கேட்டேன், நன்றாகக் கேட்டேன், ஆமாம் என்று தலைகூட ஆட்டினேன், எழுந்து வெளியே வந்து நடைபாதையைத் தாண்டுவதற்குள் கழுகுதான் என்று முடிவு செய்துவிட்டிருந்தேன். ஒரு துகளும் தாண்டாது என்று பேரெடுத்தவள். அவளை வெறுத்தால் லேபிள் அறையில் எட்டு மணி நேரம் வெறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், தூங்கலாம், ஆஸ்பத்திரிக்கு இவர் கையைப் பிடித்துக்கொண்டு போகலாம், அதனாலா? அப்படியென்றால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நான் இவர் முகத்தைப் பார்த்தேனா? பார்த்திருப்பேன், ஒரே வீட்டில் பார்க்காமல் எப்படி... எரியுதா என்றார். கொஞ்சம் என்றேன். ஊதட்டுமா என்றார், ஊதக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காளா என்று கேட்டேன், அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல என்றார், அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன், வாசலில் செருப்பைக் கழற்றியது ஞாபகம் இருக்கிறது, விளக்குப் போட்டது ஞாபகம் இருக்கிறது, முகம் மட்டும் வரவில்லை.